வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பதறாமல் பார்க்க வேண்டியவை

(பழவேற்காட்டில் ஆட்டோ, வேன் ஓட்டுநர்களுக்கும் படகு உரிமையாளர்களுக்கும் நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, ஆட்டோவும் வேனும் ஓட்டும் தம்பிமார்களே, ஜமீலாபாத்திலிருந்தும் கோட்டைக்குப்பத்திலிருந்தும் வந்திருக்கும் மீனவச் சகோதரர்களே!

நான் மெக்கானிக் அல்ல. மதரஸாவில் ஓதியவன், பிறகு கல்லூரியில் கணக்குப் படித்தவன். வண்டியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஓர் இரவு நான் தலைகுனிந்து நின்றேன். அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நம் அறக்கட்டளை வேனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஒரு மழைக்கால இரவு, மணி இரண்டு இருக்கும். பிரசவ வலியில் ஒரு பெண்பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டோம். பொன்னேரி போக வேண்டும். டிரைவர் சாவியைத் திருப்பினார். 'டிக் டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. மறுபடி திருப்பினார், அதே சத்தம். அந்தப் பிள்ளையின் தாயார் என் முகத்தைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

பக்கத்துக் குப்பத்து மீனவர் ஒருவர், ஐஸ் பெட்டி ஏற்றும் தன் மினி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏத்துங்க பாய், பேச நேரமில்ல" என்றார். பெட்டிகளை இறக்கிவிட்டு, ஜமக்காளம் விரித்து, அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனோம். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்பைச் சுரண்டினார், கிளாம்பை முறுக்கினார், சாவியைத் திருப்பினார். வண்டி ஓடியது. பத்து நிமிட வேலை. பேட்டரி கெட்டிருக்கவே இல்லை!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வாரம் முன்பே டிரைவர் என்னிடம், "பாய், சாவி போட்டா வண்டி கொஞ்சம் யோசிக்குது" என்று சொல்லியிருந்தார். "ஓடுதுல்ல, அப்புறம் பார்க்கலாம்" என்றது நான். அதே மாதம் வேனின் பக்கவாட்டில் அறக்கட்டளையின் பெயரைப் புதுப் பெயிண்டில் எழுதப் பணம் கொடுத்ததும் நான்தான். மக்கள் ஸதகாவாகக் கொடுத்த வண்டி ஓர் அமானிதம். அதன் பெயர்ப்பலகையைத்தான் நான் பராமரித்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்பதில் இரண்டு விதமான கோளாறு உண்டு. இன்ஜின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது. இரண்டாவது பெரும்பாலும் எரிபொருள் சம்பந்தப்பட்டது. மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது இதில் எது என்று சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்ஜின் சுற்றவில்லை என்றால், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். அடுத்து, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் எரியவே இல்லை என்றாலோ, சாவியைத் திருப்பியதும் மங்கி அணைந்தாலோ, பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது முனைகளில் பிடிப்பு இல்லை. 'டிக் டிக்' சத்தமும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. லைட் பிரகாசமாக எரிந்தும் சத்தமே இல்லையென்றால் கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. அது சுவிட்ச், ரிலே, அல்லது ஸ்டார்ட்டர் மோட்டாரின் கோளாறு. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் ஏன் இந்தத் தொல்லை அதிகம்? ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி. வீசுகிற காற்றே உப்புக் காற்று. பேட்டரி முனையை மட்டுமல்ல, பேட்டரியிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகும் எர்த் வயரையும் அது அரிக்கும். பலர் அந்த வயரைப் பார்ப்பதே இல்லை.

சுத்தம் செய்வது எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு, முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் அல்லது கிரீஸ் தடவுங்கள். பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும், ஆகவே பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் வண்டி ஓய்ந்து நிற்கும்போது அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான்.

வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போடும்போது பிளஸ்ஸுக்குப் பிளஸ். மைனஸ் கேபிளின் கடைசி முனையைச் சார்ஜ் இல்லாத பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டி இன்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பெரிய லாரி, பஸ்களில் 24 வோல்ட் இருக்கும். அவற்றிலிருந்து நம் 12 வோல்ட் வண்டிக்கு எடுக்கவே கூடாது.

இப்போது இரண்டாவது வகை. இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. வெட்கப்படாமல் முதலில் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் ஊற்றிய உடனே ஸ்டார்ட் ஆகாது, குழாயில் காற்று நுழைந்திருக்கும். ஃபில்டர் பக்கத்தில் கை பம்ப் இருந்தால், காற்று ஸ்க்ரூவைத் தளர்த்திப் பம்ப் அடித்து, குமிழி நின்றதும் முறுக்குங்கள். டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும் இதே கோளாறு வரும். ஃபில்டரின் அடியில் வடிக்கும் ஸ்க்ரூ அதற்காகத்தான். படகு இன்ஜின் வைத்திருப்பவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள். சாலையில் வண்டி நின்றால் இறங்கி நடக்கலாம். முகத்துவாரத்தில் இன்ஜின் நின்றால் நீரோட்டம் நமக்காகக் காத்திருக்காது.

எந்த வண்டியானாலும் சாவியைத் திருப்பியபடி பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அரை நிமிடமாவது விட்டு மறுபடி முயலுங்கள். இல்லாவிட்டால் இருக்கும் சார்ஜும் போகும், ஸ்டார்ட்டரும் கருகும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் மாவட்டத்தையும் சென்னையையும் எப்படி மூழ்கடித்தது என்று நமக்குத் தெரியும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு பெரும் செலவாகும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சகோதரர்களே, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய நபிமொழி நாம் அனைவரும் அறிந்தது. நான் கட்டாமலே தவக்குல் வைத்தேன். இனி அப்படி இருக்காது. நிர்வாகக் குழு எடுத்திருக்கும் முடிவுகள் இவை:

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜுமுஆவுக்கு முன் நம் வேனை ஸ்டார்ட் செய்து, பேட்டரி முனை, டீசல், டயர் மூன்றையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். டிரைவர் எழுதுவார், நான் கையெழுத்திடுவேன். டிரைவர் ஒரு குறை எழுதினால் மூன்று நாளுக்குள் நான் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஜமாஅத் என்னைக் கேட்கலாம். ஜம்ப் கேபிள் ஒன்று வண்டியிலும் ஒன்று அலுவலகத்திலும் இருக்கும். எந்த மதத்தவரானாலும் கேட்டு எடுத்துப் போகலாம். அவசரத்துக்கு நம் வேனை மட்டும் நம்பியிருக்காமல் உடனே 108-க்கும் போன் செய்யுங்கள்.

அன்று மினி லாரி கொடுத்த அந்த மீனவருக்கு டீசல் காசு கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். "உங்க வண்டிய சரியா வெச்சுக்குங்க பாய், அதுவே போதும்" என்றார். அந்த வார்த்தையைத்தான் இன்று உங்கள் முன் நிறைவேற்ற முயல்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக, ஆமீன். கூட்டம் முடிந்ததும் வெளியே நம் வேனில் மெக்கானிக் செய்து காட்டுவார். எல்லோரும் இருந்து பார்த்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.