எரிந்த ஆலயமும் எழுதிய துறவியும்



வானளாவ எழுந்து நிற்கும் இடைக்காலப் பேராலயங்களின் படங்களைப் பார்க்கும்போது, இவற்றைக் கட்டியோர் யாவர் என்னும் வினா எம்முள் எழுவது இயல்பு. மன்னர், ஆயர் ஆகியோரின் பெயர்கள் நிலைத்துள்ளன. கல் செதுக்கியோரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆயினும் இங்கிலாந்தின் கன்ரபரிப் பேராலயத்தைப் பொறுத்தவரை நாம் பேறு பெற்றவர்கள். அங்கு வாழ்ந்த ஜேர்வாஸ் என்னும் துறவி, தம் காலத்தில் நிகழ்ந்தவற்றை இலத்தீன் மொழியில் எழுதிவைத்தார்.

1170ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆம் நாள், பேராயர் தோமஸ் பெக்கற் அவ்வாலயத்தினுள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1173இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. மறு ஆண்டு செப்ரெம்பர் 5ஆம் நாள், மதிலுக்கு வெளியே சில குடிசைகள் தீப்பற்றின. காற்றில் பறந்த தீப்பொறிகள் ஆலயக் கூரையின் ஈயத் தகடுகளுக்கிடையே புகுந்து, உள்ளிருந்த மரங்களைப் பற்றிக்கொண்டன. குடிசைத் தீயை அணைத்த மக்கள் வீடு திரும்பினர். மேலே மூண்ட தீயை எவரும் அறிந்திலர். அறிந்தபோது காலங் கடந்துவிட்டது. துறவியர் பாடி வழிபடும் கீழ்த்திசைப் பகுதி எரிந்து கருகியது.

திருத்துவதா, இடித்துக் கட்டுவதா? பிரெஞ்சு, ஆங்கிலக் கற்றச்சரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஈற்றில் பிரான்சின் சென்ஸ் நகரத்து வில்லியம் பொறுப்பேற்றார். கருகிய தூண்கள் பயன்படா என்பதை அவர் கண்டுகொண்டார். எனினும் துயருற்றிருந்த துறவியரிடம் அதை உடனே கூறவில்லை. அவர்கள் மனம் சற்று ஆறும்வரை, வேண்டிய ஆயத்தங்களைச் செய்துகொண்டு காத்திருந்தார். கல்லின் இயல்பை அறிந்த அவர் மனிதமனத்தின் இயல்பையும் அறிந்திருந்தார் எனலாம்.

கடல் கடந்து கல் வந்தது. அதைக் கப்பல்களில் ஏற்றவும் இறக்கவும் பொறிகளை அவரே அமைத்தார். பாரிஸ் அருகே சென் டெனி ஆலயத்தில் 1140களில் உருப்பெற்ற கொதிக் கட்டட முறை இவ்வாறு இங்கிலாந்தில் வேரூன்றியது. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்திற் பாதியே. கூர்வளைவையோ அகலத்தை மாற்றாமலே உயர்த்தலாம். விலா எலும்புகள் போன்ற கல்வளைவுகள் கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கின. ஆகவே சுவரைத் திறந்து பெரிய சாளரங்கள் அமைக்க இயன்றது.

1178இல், மேற்கூரையின் வளைவை அமைக்க ஆயத்தமான வேளை, ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து சாரம் சரிந்தது. மரங்களோடும் கற்களோடும் வில்லியம் வீழ்ந்தார். வேறெவருக்கும் காயமில்லை. படுக்கையில் கிடந்தபடியே, ஒரு துறவியின் துணைகொண்டு அவர் வேலையை நடத்தினார். மருத்துவம் பலிக்காதுபோகவே பணியைத் துறந்து தாயகம் திரும்பினார்.

அவருக்குப் பின் வந்தவரும் ஒரு வில்லியமே, ஆங்கிலேயர். உடலாற் சிறியவர், தொழிலிற் கூரியவர் என்று ஜேர்வாஸ் அவரைப் போற்றுகிறார். 1180இல், உயிர்த்த ஞாயிறை ஒட்டித் துறவியர் புதிய பகுதியுட் புகுந்தனர். 1184 அளவில் கீழ்க்கோடியும் நிறைவெய்தியது. 1220இல் பெக்கற்றின் திருவுடல் அங்கே வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே சோல்ஸ்பரியில் இன்னொரு பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஜேர்வாஸ் பழையதையும் புதியதையும் ஒப்பிடுகிறார். தூண்கள் பருமனில் ஒத்தவை. உயரத்தில் புதியவை ஏறத்தாழ 12 அடி மிகுந்தவை. முன்பு கோடரியாற் கொத்தினர். இப்போது உளியாற் செதுக்கினர். எரிந்ததை எண்ணி அழுத அதே துறவி, எழுந்ததை இத்துணை நுட்பமாக அளந்து பார்க்கிறார்.

வீழ்ந்த கலைஞன் தன் வேலையின் நிறைவைக் காணவில்லை. ஆனால் அவன் பெயரும், அவன் மறைத்துவைத்த அந்தச் சில நாட் கனிவும் எமக்குக் கிடைத்துள்ளன. ஒருவர் கூர்ந்து பார்த்து எழுதிவைத்தமையாலன்றோ?