கண்ணாடி மூடி போட்ட கியூபா சுருட்டு

போன வாரம் ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நண்பனுக்குக் கல்யாணம். பேச்சிலர் பார்ட்டிக்கு ஒரு பெட்டி கியூபா சுருட்டு வாங்கப் போறாராம். தெரிஞ்சவர் மூலமா பாதி விலைக்கு வருதாம். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, உள்ளே வரிசையா 25 கொஹீபா. "ப்ரோ, நல்ல சரக்கான்னு எப்படிப் பார்க்கிறது?"

அந்தக் கண்ணாடி மூடியிலேயே பதில் இருக்கு. கொஹீபா கண்ணாடி மூடிப் பெட்டியில வர்றதில்லை. சுற்றுலாப் பயணிகள் தலையில கட்டுற போலிகளோட பழைய அடையாளம் அது. அசல் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா 'எச்சோ என் கூபா', 'தோத்தால்மென்தே அ மானோ'ன்னு மரத்திலேயே முத்திரை இருக்கும். இரண்டாவதுக்கு 'முழுக்கக் கையால் செய்தது'ன்னு அர்த்தம். அந்த 'முழுக்க' முக்கியம். வெறும் 'கையால்'னு போட்டிருந்தா, உள்ளே இருக்கிறதை மெஷின் சுருட்டி, மேல் இலையை மட்டும் கையால சுத்தியிருக்கலாம். இன்னொண்ணு, இந்தியாவில சட்டப்படி விற்கிற எந்தப் புகையிலைப் பெட்டியிலும் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கணும், இறக்குமதிக்கும் சேர்த்து. அது இல்லாம பளபளன்னு இருந்தா, அது நேர் வழியில வந்த சரக்கு இல்லை.

சரி, நம்பிக்கையான கடைக்கே போறோம். என்ன பார்க்கணும்?

சுருட்டுக்கு மூணு அடுக்கு. உள்ளே நிரப்பின இலை, அதைக் கட்டிப் பிடிக்கிற இலை, மேலே போர்த்தின இலை. பற்ற வைக்கிற முனையைத் திருப்பிப் பாருங்க. நீள இலைகள் மடிப்பு மடிப்பா தெரிஞ்சா நல்லது. தூள் தூளா தெரிஞ்சா அது வெட்டின மிச்சம். சீக்கிரம் சூடாகும், வாயிலயும் துகள் வரும். அப்புறம் ரெண்டு விரலால நுனியிலிருந்து அடி வரைக்கும் மெதுவா அழுத்திட்டே வாங்க. லேசா அமுங்கித் திரும்பி வரணும். கட்டை மாதிரி இருந்தா புகை இழுக்காது. நடுவில ஒரு இடம் மட்டும் தொளதொளன்னு இருந்தா ஒரு பக்கமா எரியும். மொறுமொறுன்னு சத்தம் கேட்டா காய்ஞ்சு போச்சு, வச்சிடுங்க.

கறுப்பா இருந்தா காட்டம் அதிகம்னு நிறைய பேர் நம்புறாங்க. இல்லை. காட்டம் பெரும்பாலும் உள்ளே இருக்கிற இலையிலிருந்து வருது. செடியின் உச்சியில நல்ல வெயில் வாங்கின 'லிஹேரோ' இலை எவ்வளவு போட்டிருக்காங்கங்கிறதுதான் கணக்கு. மேல் இலையில நான் பார்க்கிறது கிழிசல் இருக்கா, நரம்பு தடிச்சிருக்கா, லேசா எண்ணெய்ப் பளபளப்பு இருக்கா, அவ்வளவுதான்.

சென்னைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. குண்டூசி குத்தின மாதிரி சின்ன ஓட்டை தெரிஞ்சா கையை எடுத்துடுங்க. புகையிலை வண்டு. இலைக்குள்ளேயே முட்டை இருக்கும், சூடு 25 டிகிரியைத் தாண்டினா பொரிய ஆரம்பிக்கும். நம்ம ஊர்ல அது எந்த மாசம்னு நான் சொல்லணுமா? அதனாலதான் கடையில ஹியூமிடார் இருக்கான்னு முதல்ல கேளுங்க. ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதம், சூடு 20 டிகிரி பக்கம். ஏசி இல்லாத கண்ணாடி அலமாரியில அடுக்கி வச்சிருந்தா, என்ன பிராண்டா இருந்தாலும் வேண்டாம்.

இடையில ஒரு விஷயம். கியூபாவில சுருட்டு சுத்துறவங்களுக்கு ஒருத்தர் உட்கார்ந்து நாவல், பேப்பர் எல்லாம் சத்தமா வாசிப்பார். 1860-கள்ல தொடங்கின பழக்கம். மான்டேகிறிஸ்டோங்கிற பிராண்ட் பெயர் வந்தது அலெக்சாந்தர் டூமாவோட நாவல்லேருந்துதான். ஒரு வகையில எங்க தொழிலுக்கு முன்னோடி அவங்கதான்!

நம்ம ஊரும் சளைச்சதில்லை. ஆங்கிலத்தில 'செரூட்'னு சொல்றாங்களே, அது நம்ம 'சுருட்டு'தான். 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்லயே சாம்பலைப் பார்த்து 'திருச்சி சுருட்டு'ன்னு துப்பறியறார். எங்க தாத்தா உறையூர்க்காரர், அதே சுருட்டுதான். "நான் புகையை உள்ளே இழுக்கிறதில்லப்பா, எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டே இருப்பார். 71 வயசுல நாக்கில புற்றுநோய். கடைசி நாலு மாசம் அவரால பேச முடியலை, சிலேட்டில எழுதிக் காட்டுவார்.

அவர் சொன்னதைத்தான் இன்னைக்கு லவுஞ்சுல உட்கார்ந்தும் சொல்றாங்க. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதனால இழுக்காமலே வாய்த்தோல் வழியா நிகோடின் ஏறிடும். பெரிய சுருட்டு ஒண்ணுல ஒரு சிகரெட் பாக்கெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். விலை கூடினதுன்னா இதெல்லாம் மாறாது. கையால சுத்தினதும் மெஷின்ல சுத்தினதும் நாக்குக்கு ஒண்ணுதான்.

அதனால நேயருக்கு என் பதில்: அந்தப் பெட்டியை விட்டுடுங்க. இருபத்தஞ்சு எதுக்கு? பார்ட்டியில ஏற்கனவே பிடிக்கிறவங்க நாலு பேர் இருந்தா நாலே நாலு, உதிரியா, நல்ல கடையில. பழக்கமில்லாதவங்க கையில திணிக்காதீங்க. மாப்பிள்ளைக்குப் பழக்கம் இல்லைன்னா அவருக்கு வேற ஏதாவது வாங்குங்க. பாதியில போதும்னு தோணினவங்க சிகரெட் மாதிரி நசுக்க வேண்டாம், அறையே நாறும். சாம்பல் கிண்ணத்தில சும்மா வச்சிடுங்க, தானா அணைஞ்சிடும்.