நம்ம ஊர்த் திரைக்கு ஆறு படம்

உலக சினிமான்னா சென்னை ஃபெஸ்டிவல்லதான் பார்க்கணுமா? கர்நாடகாவுல ஹெக்கோடுன்னு ஒரு கிராமம். அங்க கே.வி. சுப்பண்ணாவோட நீநாசம் அமைப்பு, 1970கள்லயே திரைப்படக் கழகம் தொடங்கி ஊர் மக்களுக்கு உலகப் படங்களைக் காட்டுச்சு. அவருக்கு 1991ல மகசேசே விருது கிடைச்சுது.

பெருநகர்ல மாசம் ஒண்ணுன்னு ஆறு படம் போடணும்னா எதை எடுப்போம்? நமக்குப் பிடிச்சதையே அடுக்கினா, ஆறும் ஒரே மாதிரி சோகப் படமா வந்து நிக்கும். பக்கத்துல உத்திரமேரூர் கல்வெட்டு 1,100 வருஷம் முன்னாடியே வழி சொல்லியிருக்கு. ஊர்ல 30 குடும்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர். பதவியில இருந்தவர் மூணு வருஷத்துக்குத் திரும்ப வரக்கூடாது. நாமளும் ஒரு நாட்டுக்கு ஒரு படம், ஒரு இயக்குநருக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கலாம்.

முதல்ல சாப்ளினோட 'மாடர்ன் டைம்ஸ்' (1936). சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போறவங்களுக்கு அந்த கன்வேயர் பெல்ட்டை விளக்கவே வேணாம். அடுத்து ஈரானோட 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997): அண்ணனும் தங்கச்சியும் ஒரே ஷூவை மாத்தி மாத்திப் போடுற கதை. அப்புறம் பூட்டான் இயக்குநரோட 'தி கப்' (1999): மடத்துப் பசங்களும் ஃபுட்பால் உலகக் கோப்பையும். மீதி மூணை ஊர்க்காரங்க சொல்லட்டும். திரையிடும் உரிமையை முன்னாடியே வாங்கிடுங்க.

சப்டைட்டில் படிக்க முடியாத ஆயாவை மறந்துடாதீங்க. ஊமைப்படக் காலத்துல நம்ம கொட்டகைகள்ல கதை சொல்ல ஆள் இருந்தாங்க; இன்னைக்கும் ஒருத்தர் மைக் பிடிக்கலாம். பத்தாவது நிமிஷம் ஆயா எழுந்து போயிட்டா, அது ஊர்த் திரை இல்ல. நமக்கு நாமே போட்டுக்கிட்ட படம்தான்.