கித்தாரின் சொடுக்கியும் பழுதறியும் முறையும்



அவிநாசி என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவன இரண்டு. முதலை விழுங்கிய மகனை மீட்டுத் தரச் சுந்தரர் பாடிய புக்கொளியூர்த் திருக்கோயில் ஒன்று. திருப்பூரை ஒட்டி வளர்ந்த பின்னலாடைத் தொழில் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே வாழும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். கிழமை முழுதும் வட்டப் பின்னற்பொறியின் முன் நிற்கிறான். காரிக்கிழமை மாலை கூலி பெறுகிறான். ஞாயிறன்று திருமண மேடையிலோ கோயில் விழாவிலோ இசைக்குழுவொடு நின்று மின்கித்தார் இசைக்கிறான். கருவி பலர் கைமாறி வந்தது. பாட்டின் நடுவே நெம்புகோலை ஒருபுறமிருந்து மறுபுறம் தள்ளியவுடன் ஓசை அறுந்துபோகிறது, தட்டினால் வருகிறது, விட்டால் போகிறது, வந்தாலும் கரகரக்கிறது. அதனைத் தூக்கிக்கொண்டு கோவைக்குச் சென்றால் ஒருநாட் கூலி போயிற்று. "உள்ளிருப்பதெல்லாம் மாற்ற வேண்டும்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டாலோ கிழமைக் கூலியே போயிற்று. பழுதோ, பெரும்பாலும் ஒரு சிறு தொடுமுனையில் படிந்த அழுக்கேயாம்.

பழுதை நீக்கிய பின்னரே கருவியை இசைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகார வேனிற்காதையில் பதினான்கு நரம்புகளையுடைய சகோட யாழை ஏந்திய மாதவி, செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்னும் நால்வகைக் குற்றங்களையும் விலக்கும் வகையறிந்தே அதனை மீட்டுகின்றாள். அளவிறந்து ஒலிப்பது ஆர்ப்பு. ஓசை மழுங்குவது கூடம். குற்றம் ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயர் இருந்தது. அக்குற்றம் மரத்தின் கேட்டால் வருவது என்று கரணியமும் கண்டு சொன்னார்கள் உரையாசிரியர்கள். இன்றைய கித்தார்க்காரனுக்கோ "உள்ளே ஏதோ போய்விட்டது" என்பதற்குமேல் சொல்லத் தெரிவதில்லை. ஏதோ என்பவனிடம் எதற்கும் விலை கேட்கலாம் அன்றோ?

ஆதலின் முதலில் உறுப்புகளை அறிதல் வேண்டும். கடைத்தெருவில் பிக்கப் என்று வழங்குவது ஒலிகவர் சுருள். காந்தத்தைச் சூழ, மயிரிழை ஒத்த செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிச் செய்தது அது. எஃகு நரம்பு அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது; அவ்வசைவால் கம்பியில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த மின்தூண்டல் என்பது இதுவே. கழுத்தை ஒட்டிய சுருள் திரண்ட, மென்மையான ஓசையைத் தரும். நரம்பு தாங்கும் பாலத்தை ஒட்டியது கூரிய ஓசையைத் தரும். எந்தச் சுருள் பேசவேண்டும், எது வாய்மூட வேண்டும் என்று தீர்ப்பதே தெரிசொடுக்கியின் வேலை.

இச்சொடுக்கியின் கதையில் ஒரு சுவையான செய்தியுண்டு. பெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட இசுட்ராட்டோகாசுட்டர் கித்தாரில் சுருள்கள் மூன்று; சொடுக்கிக்கு நிலைகளும் மூன்றே. இசைஞர் சிலர் நெம்புகோலை இரண்டு நிலைகளின் நடுவே தொங்கலாக நிறுத்தி, இரு சுருள்கள் ஒருங்கே பேசும் புத்தோசையைக் கண்டனர். செய்தவர் எண்ணாததைப் பயன்படுத்தியவர் கண்டார். 1977-இல் அந்நிறுவனமே ஐந்து நிலைச் சொடுக்கியைப் பொருத்தலாயிற்று. விரலின் பட்டறிவுக்குத் தொழிற்சாலை தலைவணங்கிய இடம் இது.

இனிப் பழுதுக்கு வருவோம். சொடுக்கியின் உள்ளே ஒரு மாழை நாக்கு, நிலையான தொடுமுனைகளின்மேல் உராய்ந்து நகர்கிறது. ஈரமும் வியர்வையும் பட்டு அவற்றின்மேல் கறை படியும். பெண்டர் வகைச் சொடுக்கி திறந்த உடம்பினது. தூசி எளிதிற் புகும். பஞ்சுத் துகள் காற்றிலேயே மிதக்கும் இப்பகுதியில் அதனைச் சொல்லவும் வேண்டுமோ! நாக்கின் வில்விசை தளர்தலும், பற்றவைத்த இடம் வெடித்துக் கம்பி விடுபடுதலும் உண்டு.

அவிழ்க்குமுன் செவியால் ஆய்க. கித்தாரை ஒலிபெருக்கியில் இணைத்து, ஓசையைத் தாழ வைத்து, திருப்புளியின் நுனியால் ஒவ்வொரு சுருளின் தலையையும் மெல்லத் தட்டுக. உயிருள்ள சுருள் 'டொக்' எனக் குரல் கொடுக்கும். எல்லா நிலையிலும் எதுவுமே கேளாவிடின், ஐயம் வடத்தின்மேலும் செருகுவாயின்மேலும் ஒலியளவுக் குமிழின்மேலும் செல்லல் வேண்டும். ஒரு நிலையில் மட்டும் ஊமையெனின், சுருள் அல்லது சொடுக்கி.

இவ்விரண்டில் எது என்று காண ஒரு பன்மானி போதும். வடத்தை ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிவிட்டு, ஒலியளவுக் குமிழை முழுதும் திறந்து, வடத்தின் மறுமுனைச் செருகியில் நுனிக்கும் உடலுக்கும் இடையே மின்தடையை அளத்தல் வேண்டும். ஒற்றைச் சுருள் பொதுவாக 5,000 முதல் 8,000 ஓம் வரை காட்டும். இரு சுருள்கள் இணைந்து பேசும் நிலையில் அது ஏறத்தாழப் பாதியாகும். அளவு 2,50,000 ஓம் அளவிற்குத் தாவினால் சுற்று அறுந்துள்ளது; மானி அப்போது காட்டுவது குமிழின் தடையை மட்டுமே. நெம்புகோலை விரலால் அசைக்க அசைக்க அளவும் துள்ளுமாயின், குற்றம் சொடுக்கியினுடையதே. (மின்கலம் பொருத்திய கித்தார்களுக்கு இவ்வளவுகள் பொருந்தா.) இன்னும் ஐயமெனின், மூடியைக் கழற்றி, சுருட்கம்பி வந்து சேரும் முனையையும் பொதுமுனையையும் ஒரு துண்டுக் கம்பியாற் பாலமிட்டு ஒலிபெருக்கியில் கேட்டுப் பார்க்கலாம். ஓசை தெளிந்து வந்தால் சுருள் நலமாயிருக்கிறது. அதனை மாற்றச் சொல்பவர் அறியாதவர், அல்லது அறிந்தே சொல்பவர்.

பின்னற்பொறியில் வேலை செய்பவர்க்கு இஃது அயலான கலையன்று. நூல் அறுந்தவுடன் ஒரு சிறு கை விழுந்து தொடுமுனை இணைய, விளக்கு எரிந்து பொறி நிற்கிறது. அங்கே பஞ்சு அடைத்தால் நூல் அறுந்தும் பொறி ஓடி, துணியில் ஓட்டை விழும். அத்தொடுமுனையை நாள்தோறும் துடைக்கும் கைக்குக் கித்தாரின் தொடுமுனை மட்டும் எட்டாததாகுமோ?

துடைக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை. இவ்வூரில் எவர் கைக்கும் முதலில் எட்டுவது தையற்பொறி எண்ணெய். அதனைச் சொடுக்கியில் விடுதல் ஆகாது. முதல்நாள் கரகரப்பு அடங்கினாற்போல் இருக்கும். பின்னர் அவ்வெண்ணெயே பஞ்சுத் துகளைப் பிடித்துவைத்து முன்னினும் கெடுக்கும். உப்புத்தாளால் தேய்த்தலும் கேடு. தொடுமுனையின் மேற்பூச்சு போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்ககாலையோ, தொடுமுனைகளுக்கென்றே விற்கும் தெளிப்பையோ சிறிதளவு விட்டு, நெம்புகோலை இருபது முப்பது முறை முன்னும் பின்னும் தள்ளுக. கிப்சன் கித்தார்களில் உள்ள தகட்டுவகைச் சொடுக்கியாயின், அதே நீர்மத்தில் நனைத்த தடித்த தாள்துண்டைத் தகடுகளுக்கிடையே செருகி இழுத்தால் கறை தாளில் வந்துவிடும். தளர்ந்த தகட்டை மயிரிழையளவே வளைத்தல் வேண்டும், மிகுந்தால் ஒடியும்.

தேய்ந்தே போனதாயின் மாற்றத்தான் வேண்டும். கழற்றுமுன் எக்கம்பி எம்முனையில் இருந்தது என்று தாளில் வரைந்துகொள்க. இதனைச் செய்யாது கழற்றிவிட்டு விழிப்பவரே மிகப் பலர். முனைகளின் வரிசை செய்வோர்க்குச் செய்வோர் மாறுபடும். ஆகலின் புதுச்சொடுக்கியில் எந்நிலையில் எம்முனைகள் இணைகின்றன என்பதைப் பன்மானியாற் பார்த்த பின்னரே பற்றவைக்க வேண்டும். 25 முதல் 40 வாட்டு வரையுள்ள பற்றுகோல் போதும். முனையைச் சூடாக்கிப் பற்றாசு உருகிப் பரந்தவுடன் எடுத்துவிடுக. மூன்று நொடிக்குமேல் வைத்தால் நெகிழி இளகி, புதுச்சொடுக்கியே பழுதாகும். ஒலிபெருக்கியின் உட்புறத்தில் மட்டும் இவ்விளைஞன் கைவைக்கலாகாது. அங்கிருப்பது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம்.

மூடியைத் திருகி இறுக்குமுன் மீண்டும் ஒருமுறை ஒலிபெருக்கியில் இணைத்து, ஒவ்வொரு நிலையிலும் சுருளின் தலையைத் தட்டிப் பார்க்க. எல்லாம் குரல் கொடுத்தால் திருகாணிகளை முடுக்கி, தளர்த்திய நரம்புகளை இசைகூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு அதுபோதும்.