வேண்டாம் என்பதும் சொல்லவில்லை என்பதும்

என் இடத்தில் அமரத் தகுந்த மூத்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தோடுதான் தொடங்குகிறேன்.

நிலைத் தள வார்ப்புருக்களின் வளர்ச்சி என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். 2008இல் டாம் பிரஸ்டன்-வெர்னரின் ஜெக்கில் வந்ததும், 2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியாவின் ஹியூகோ வந்ததும் உங்களுக்குத் தெரிந்தவை. அந்த வரலாற்றைக் கட்டுரையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒரே ஒரு மாறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பக்கத்தை எழுதுகிறவர் அதன் தலைப்பகுதியில் பொருளடக்கத்துக்கு ‘ஃபால்ஸ்’ என்று குறிக்கிறார். தள அமைப்பில் அதற்கு ‘ட்ரூ’. வார்ப்புருவோ பக்கத்தின் மதிப்பை எடுத்து, ஜெக்கிலின் வார்ப்புரு மொழியான லிக்விடின் டிஃபால்ட் ஃபில்டரில் தள மதிப்பை மாற்றாகக் கொடுக்கிறது. வேண்டாம் என்றவரின் பக்கத்தில் பொருளடக்கம் வந்து நிற்கிறது! நில் (மதிப்பே இல்லாமை), ஃபால்ஸ், வெற்றுச் சரம் மூன்றும் அந்த ஃபில்டருக்கு ஒன்றுதான். பந்தியில் பரிமாறுகிறவர்கூட, இலையை மறைத்துக் கை நீட்டியவரையும் பேசாமல் இருப்பவரையும் ஒன்றாக நடத்துவதில்லை.

அதே லிக்விடின் ‘இஃப்’ வேறு கணக்கு வைத்திருக்கிறது. அங்கே நில்லும் ஃபால்ஸும் மட்டுமே பொய். வெற்றுச் சரமும் 0-வும் மெய். படத்தின் பெயருக்கு வெறும் மேற்கோள்குறிகளை இட்டுவைத்தால் சோதனை தேறிவிடும், பக்கத்தில் உடைந்த படம் தெரியும். எது ‘காலி’ என்பதில் ஒரே மொழிக்குள் இரண்டு தீர்ப்பு.

முன்பொரு கூட்டத்தில் என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், டிஃபால்ட் இருக்கும்போது நில்லோடு ஒப்பிடும் சோதனை வீண் என்றார். அவர் வார்ப்புருக்களைப் பார்த்துக் கற்றவன் நான். தலைப்பு, விளக்கம் போன்ற சரங்களுக்கு அவர் சொன்னது சரி என்று இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆம்-இல்லை மாறிகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. 2021இல் வந்த லிக்விட் 5, ஃபால்ஸை அப்படியே ஏற்கும்படி அந்த ஃபில்டருக்குக் கூடுதல் அளவுரு ஒன்றைத் தந்தது. குறை இல்லாத இடத்தில் அது எதற்கு? ஜெக்கில் 4 லிக்விட் 4-இலேயே நிற்பதால், பக்கத்தின் மாறி நில்லா என்று கேட்டு, ஆம் என்றால் தள மதிப்பையும் இல்லையென்றால் பக்க மதிப்பையும் ‘அசைன்’ செய்வதே நமக்கு வழி. நாலைந்து வரி கூடும். கூடட்டும்.

ஹியூகோவின் டிஃபால்ட் ஃபால்ஸை மதிக்கிறது. ஆனால் 0-வைக் கொடுக்கப்படாததாகவே எண்ணுகிறது. அங்கு எண்களில் கவனம் வேண்டும்.

மாறிக்கு மதிப்பைக் கொடுப்பதிலும் இதே அக்கறை தேவை. லிக்விடில் சுழற்சிக்குள் ஒரு நிபந்தனையின் கீழ் அசைன் செய்த மாறி அடுத்த சுற்றிலும் உயிரோடிருக்கும்; படமில்லாத பதிவுக்கு முந்தைய பதிவின் படம் வந்து ஒட்டும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதை நில்லாக்க வேண்டும். ஹியூகோ பயன்படுத்தும் கோ வார்ப்புருக்களில் சிக்கல் நேரெதிர்: 2018இல் கோ 1.11 வரும்வரை, வெளியே அறிவித்த மாறியை உள்ளிருந்து மாற்றவே முடியாமல் இருந்தது. அந்நாளில் மதிப்புகளைத் தற்காலிகமாக வைத்து எடுக்க உதவும் ஹியூகோவின் ஸ்கிராட்ச்தான் கைகொடுத்தது. அதை வெறும் ஒட்டுவேலை என்று தள்ளிய மதிப்புரைகளை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்ப்புருவை ஃபால்ஸ், 0, வெற்றுச் சரம், எழுதப்படாத மாறி என நான்கையும் கொடுத்து இங்கேயே ஓட்டிக் காட்டுங்கள். நண்பரும் அரங்கில் இருக்கிறார்; முதல் அமர்வில் அவர் மறுமொழியைக் கேட்கக் காத்திருக்கிறேன்.