கருவியும் குரலும்



1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்திருந்த நாங்கள் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டோம். ஒருத்தி பெடல் மிதிக்க, மற்றவர்கள் கேட்ட ஆங்கில வசனத்தைத் திருப்பிச் சொன்னோம்.

பிறகு யாழ். மருத்துவ பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. புத்தகம் விளங்கியது. எழும்பிக் கேள்வி கேட்கத்தான் வாய் வரவில்லை. எங்களோடு பேசிப் பழக்க ஆள் இருக்கவில்லை.

இன்று வெளிநாட்டுச் சகோதரிகளின் உதவியால் பாடசாலையில் திறன் வகுப்பறை இருக்கிறது, மிக்க நன்றி. ஆனால் திரை பேசுகிறது, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை வாய் திறக்க, எதிரே பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாது, ஆசிரியரும் வரமுடியாது. இணையம் இருந்தால் உங்கள் குரல் வரும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அக்காமாரே, கிழமைக்கு அரை மணித்தியாலம் அந்தத் திரையில் வந்து நாலு பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதையுங்கள். பிழை விட்டால் சிரிக்காமல், வசனத்தை முடிக்க விடுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைப் பதியுங்கள். நேர வித்தியாசத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.