மூளையில் டோபமீனை அளத்தல்



பூனைக்காலி என்னும் கொடியை நம் கிராமத்து மக்கள் நன்கு அறிவர். அதன் காயிலுள்ள சுணை உடம்பில் பட்டால் தினவு தாங்கவொண்ணாது. அக்கொடியின் விதையிலிருந்து எல்-டோபா என்னும் பொருளைச் சென்னையில் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவர் பிரித்தெடுத்து 1937-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன் பெருமை அன்று புலப்படவில்லை. கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோபா மருந்தாகும் என்பது 1960-களில் தெளிவாயிற்று.

அந்நோயின் காரணம் யாது? மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் தூதுப் பொருள்களுள் டோபமீன் ஒன்று. அதனைச் சுரக்கும் அணுக்கள் அழியவே, உடலின் இயக்கம் தடைப்படுகிறது. எல்-டோபா மூளையை அடைந்து, டோபமீனாக மாறி, அக்குறையை ஈடு செய்கிறது. ஆயினும் மருந்து மிகுந்தால் உடல் தன் வசமின்றித் துள்ளும். குறைந்தால் மீண்டும் இறுகும். மூளையில் டோபமீன் எவ்வளவு உளது என்று மருத்துவர் நாள்தோறும் நேரே அளந்தறிய வழியில்லை. நோயாளியின் நடையையும் கையையும் பார்த்தே மருந்தின் அளவை முடிவு செய்கிறார்.

அளப்பதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. தகுந்த மின்னழுத்தமுள்ள மின்முனையைத் தொட்டதும் டோபமீன் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. அவ்வாறு எழும் மின்னோட்டத்தைக் கொண்டு அதன் அளவைக் கணக்கிடலாம். 1973-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் குழுவினர் எலியின் மூளையில் கரி மின்முனையைச் செருகி இதனை முயன்றனர். மின்னோட்டம் எழுந்தது; ஆனால் அதில் பெரும்பகுதி வைட்டமின் 'சி'யினால் வந்தது என்பது பின்னர் தெரிந்தது. மூளை நீரில் டோபமீனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மிகுந்திருக்கும் அப்பொருளும் ஏறத்தாழ அதே மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்களை இழக்கிறது. தேர்த் திருவிழாவின் இரைச்சலில் ஒரு குழந்தையின் குரலைத் தேடுவது போன்றது இது.

இங்கேதான் நானோப் பொருள்கள் துணை புரிகின்றன. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். சில நானோமீட்டர் பருமனே உள்ள கரிக் குழாய்களை மின்முனைமீது பூசினால், அவ்விரு பொருள்களும் எலக்ட்ரான்களை இழக்கும் மின்னழுத்தங்கள் தனித்தனியே விலகி நிற்கின்றன. அதன்மேல் எதிர் மின்னேற்றமுள்ள மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்தினால், அது தன்னைப் போலவே எதிர் மின்னேற்றமுள்ள வைட்டமினை விலக்கி, நேர் மின்னேற்றமுள்ள டோபமீனை ஈர்க்கிறது.

எனினும், கண்ணாடிக் குடுவையில் வென்ற கருவி மூளையிலும் வெல்லும் என்று கொள்ளலாகாது. அங்கே புரதங்கள் மின்முனையில் ஒட்டி, அதன் கூருணர்வை மழுங்கச் செய்கின்றன. ஆகவே, புதிய உணர்கருவி ஒன்றைப் பற்றிக் கேள்வியுறும்போது, எவ்வளவு நுண்ணிய அளவை அது காட்டியது என்பதோடு, உயிருள்ள மூளையில் எத்தனை நாள் பிழையின்றி நின்றது என்றும் வினவுவோமாக. மருந்து நம்மிடம் உளது. அதனை அளந்து கொடுப்பதற்கான கோலே இன்னும் நோயாளியின் படுக்கையருகே வந்து சேரவில்லை.